கோப்பை ஜெயித்த அணி அடுத்த வருஷம் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் இ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகள் பற்றிச் செய்தி வருவதே அபூர்வம், வந்தாலும் தலைப்பில் ஒரு தொகைதான் இருக்கும். இத்தனை கோடி பரிசு, வீடியோ கேம் விளையாடியே கோடீஸ்வரர் ஆன இளைஞர்கள், இந்த மாதிரி. விளையாட்டுப் பக்கத்தில் போடுவதில்லை, உள்பக்கத்தில் ஒரு மூலையில், சில நாள் ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவர் செய்திக்கு அடியிலேயே போட்டுவிடுகிறீர்கள். யார் யாரோடு மோதினார்கள், எத்தனைக்கு எத்தனை, அணியில் யார் யார் இருந்தார்கள், ஒன்றும் கிடையாது. பல வருஷமாக இந்தப் போட்டிகளை விடாமல் பார்த்து வருகிறவன் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பரிசுத் தொகையை வைத்து இந்த விளையாட்டை அளந்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். பார்க்க வேண்டியது அணியை. ஐந்து பேர் எப்படிச் சேர்ந்தார்கள், எதனால் சேர்ந்தே இருந்தார்கள், ஜெயித்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது. விளையாட்டின் அழகும் அங்கேதான் இருக்கிறது, இதில் நடக்கிற அநியாயமும் அங்கேதான் இருக்கிறது.

2025 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் தி இன்டர்நேஷனல் நடந்தது. டோட்டா 2 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் உலகச் சாம்பியன் போட்டி அது, விளையாட்டை உருவாக்கிய வால்வ் கம்பெனியே வருஷா வருஷம் நடத்துகிறது. இறுதி ஆட்டத்தில் டீம் ஃபால்கன்ஸ், சீனாவின் எக்ஸ்ட்ரீம் கேமிங்கை 3-2 என்று ஜெயித்தது. தோற்ற அணியில் ஆமே என்ற பெயரில் ஆடும் வாங் சுன்யு இருந்தார். இவர் 2018 இறுதி ஆட்டத்திலும் இருந்தார், 2-3 என்று தோற்றார். 2021 இறுதி ஆட்டத்திலும் இருந்தார், மறுபடி 2-3. இப்போது மூன்றாவது தடவை, அதுவும் 2-3. மூன்று இறுதி ஆட்டம், மூன்றும் ஐந்தாவது கேம் வரை போய்க் கைநழுவியது, அதுவும் ஏழு வருஷ இடைவெளியில். எந்த விளையாட்டில் இப்படி ஒருவருக்கு நடந்திருந்தாலும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள்! ஆனால் பரிசுத் தொகை அந்த வருஷம் முப்பது லட்சம் டாலருக்கும் கீழே இருந்தது, பழைய தொகையோடு பார்த்தால் சின்ன எண், அதனாலோ என்னவோ ஒரு வரி கூட வரவில்லை.

அந்தப் பழைய தொகை எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கிற மயக்கம் போய்விடும். முதல் இன்டர்நேஷனல் 2011-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், ஒரு கேம் கண்காட்சியின் நடுவே நடந்தது. மொத்தப் பரிசு 16 லட்சம் டாலர், முதல் பரிசு மட்டும் 10 லட்சம். உக்ரைனின் நாவி அணி ஜெயித்தது. 2013-லிருந்து வால்வ் ஒரு வழி கண்டுபிடித்தது. போட்டியை ஒட்டி விளையாட்டுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் புத்தகம் விற்பார்கள், அதை வாங்கினால் உங்கள் ஹீரோவுக்கு, அதாவது ஆட்டத்தில் நீங்கள் நடத்துகிற பாத்திரத்துக்கு, புது உடை, புது அலங்காரம் எல்லாம் கிடைக்கும், விற்ற பணத்தில் 25 சதவீதம் பரிசில் சேரும். அவ்வளவுதான், தொகை ஏறிக்கொண்டே போனது. 2014-ல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது, 2019-ல் ஷாங்காயில் 3 கோடியே 40 லட்சம், 2021-ல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் 4 கோடி டாலர். அந்த 4 கோடியில் கம்பெனி தன் கையிலிருந்து போட்டது அதே பழைய 16 லட்சம்தான். மற்றது முழுக்க உலகம் பூராவும் இருக்கிற விளையாடுகிற பிள்ளைகள் வாங்கிய அலங்காரப் பொருளின் கால் பங்கு, மீதி முக்கால் பங்கு கம்பெனிக்கு. 2023-ல் அந்த விற்பனை முறையை மாற்றினார்கள், பரிசு ஒரேயடியாக முப்பது லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆட்டத்தின் தரமா குறைந்தது? உடை விற்பதை நிறுத்தினார்கள், அவ்வளவே.

இந்தத் தொகை அணிகளுக்கு என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு வருஷத்தின் மொத்தப் பணமும் அப்போதெல்லாம் ஆகஸ்டு மாதத்தில் நடந்த இந்த ஒரு போட்டியில் போய்க் குவிந்துவிட்டது. அதில் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும், தகுதிச் சுற்றிலேயே வெளியேறினால் அந்த வருஷம் முழுவதும் பட்டினி மாதிரிதான். அதனால் ஆகஸ்டு முடிந்த அடுத்த வாரமே அணிகள் உடையும். இவர் அங்கே போனார், அவரை இவர்கள் கழற்றிவிட்டார்கள் என்று தினம் ஒரு செய்தி. தோற்ற அணி உடைந்தால் கூடப் புரிந்துகொள்ளலாம். ஜெயித்த அணிகளும் உடைந்தன.

2015-ல் சியாட்டலில் அமெரிக்காவின் ஈவில் ஜீனியசஸ் ஜெயித்தது. அந்த அணியில் கராச்சியில் பிறந்த சுமைல் ஹசன் இருந்தார், வயது 16. அவரைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், எழுதவும் வேண்டும். அதே அணியில் கர்ட்டிஸ் லிங் என்ற கனடாக்காரர் சப்போர்ட் இடத்தில், அதாவது மற்றவர்களுக்குத் துணை நிற்கிற இடத்தில், ஆடினார். கோப்பையைத் தூக்கி ஒரு மாதம் ஆவதற்குள் அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவர் இடத்துக்கு இன்னொரு பெரிய பெயர் வந்தது. உலகச் சாம்பியன், அடுத்த மாதம் அணி இல்லை. அப்புறம் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். பயிற்சியாளர் ஆனார். 2022-ல் சிங்கப்பூரில் டுண்ட்ரா அணிக்குப் பயிற்சியாளராக இருந்து கோப்பை ஜெயித்தார், 2025-ல் நான் மேலே சொன்ன ஹாம்பர்க் இறுதி ஆட்டத்தில் ஃபால்கன்ஸின் பயிற்சியாளரும் அவர்தான். இந்த ஒரு மனிதரின் பத்து வருஷத்தை எழுதினாலே இந்த விளையாட்டு என்னவென்று உங்கள் வாசகருக்குப் புரிந்துவிடும்.

2016-ல் சீனாவின் விங்ஸ் கேமிங் ஜெயித்தது. எனக்கு இன்று வரை பிடித்த அணி என்றால் அதுதான், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டோட்டாவில் பக்கத்துக்கு ஐந்து பேர். நூற்றுக்கும் மேற்பட்ட ஹீரோக்கள். ஆட்டம் தொடங்கும் முன்பு இரண்டு கேப்டன்களும் மாறி மாறிச் சிலரைத் தடை செய்வார்கள், சிலரை எடுத்துக்கொள்வார்கள், இதற்கு டிராஃப்ட் என்று பெயர், பாதி ஆட்டம் இதிலேயே முடிந்துவிடும் என்று சொல்லுவோம். பெரிய மேடையில் பலரும் பழகிய ஹீரோக்களைத்தான் அதிகம் எடுப்பார்கள், பயம். விங்ஸ் மட்டும் எதை வேண்டுமானாலும் எடுத்தது. யாருமே சீண்டாத ஹீரோவை இறுதிக் கட்டத்தில் எடுத்து வைத்து ஆடினார்கள். எதிர் அணிக்கு எதைத் தடை செய்வது என்றே தெரியவில்லை, ஏனென்றால் ஐவருக்கும் எல்லாம் ஆடத் தெரியும், ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இறுதி ஆட்டத்தில் 3-1. முதல் பரிசு 91 லட்சம் டாலர்.

மறு வருஷம் அந்த அணி இல்லை. நிர்வாகத்தோடு தகராறு, ஐந்து பேரும் வெளியே வந்து டீம் ரேண்டம் என்று தனிப் பெயரில் ஆடப் பார்த்தார்கள், சீனாவின் இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் அவர்களுக்குத் தடை விதித்த செய்தியும் வந்தது, 2017-ல் ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சாம்பியன் பட்டத்தைக் காப்பாற்ற அந்த ஆகஸ்டில் அவர்கள் சியாட்டலுக்கு வரவே இல்லை. இருபது வயதை ஒட்டிய பையன்கள், கையில் கோடிக்கணக்கில் பரிசு, ஆனால் தங்கள் ஒப்பந்தத்தில் தாங்களே கையெழுத்திட்டது என்ன என்பதைச் சொல்ல அவர்கள் பக்கம் ஒருவரும் இல்லை. நீங்கள் போடுகிற அந்தத் தலைப்புத் தொகை இவர்களுக்கு என்ன பாதுகாப்பைக் கொடுத்தது?

அதில் இரண்டு பேர், ஃபெய்த் பியானும் ஒய் என்ற பெயரில் ஆடுகிறவரும், பிறகு பிஎஸ்ஜி எல்ஜிடி அணியில் ஒன்று சேர்ந்தார்கள். 2021-ல் ஆமேவோடு சேர்ந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். போட்டியே எல்ஜிடிக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருஷம். எதிரில் டீம் ஸ்பிரிட், மூன்று ரஷ்யர்கள், இரண்டு உக்ரைன்காரர்கள், பெரும்பாலும் முதல்முறை இந்த மேடைக்கு வந்த இளைஞர்கள். ஸ்பிரிட் ஆரம்பத்திலேயே ஒரு தோல்வியோடு லோயர் பிராக்கெட்டில் விழுந்தது, அதாவது இன்னொன்று தோற்றால் வீட்டுக்கு. அங்கிருந்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டே மேலே வந்தார்கள், இரண்டு முறை சாம்பியனான ஓஜியையும் சேர்த்து. இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு கேம் ஸ்பிரிட்டுக்கு, அடுத்த இரண்டு எல்ஜிடிக்கு. ஐந்தாவது கேமில் எல்ஜிடி மேக்னஸ் என்ற ஹீரோவைத் தடை செய்யாமல் விட்டது. ஸ்பிரிட்டின் கொலாப்ஸ் அதை ஆடுவதில் மன்னன் என்று அந்தப் போட்டி முழுக்கப் பார்த்திருந்தும் விட்டார்கள், அவர் அதை எடுத்தார், முடிந்தது. கொரோனாவால் அரங்கத்தில் ரசிகர்கள் இல்லை, ஆனாலும் அந்த ஐந்தாவது கேமைக் கண்விழித்துப் பார்த்த யாரும் மறக்க முடியாது.

அந்தப் போட்டி புக்கரெஸ்டுக்கு வந்ததிலும் ஒரு விஷயம் இருக்கிறது, உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். முதலில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்துவதாக இருந்தது. ஸ்வீடனின் விளையாட்டுக் கூட்டமைப்பு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று ஏற்க மறுத்து வாக்களித்தது, அதனால் வீரர்களுக்கு விளையாட்டு வீரர் என்ற முறையில் விசா கிடைப்பதில் சிக்கல் வந்தது, போட்டியையே வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். விளையாட்டா இல்லையா என்று திண்ணையில் பேசுகிற பேச்சு மாதிரி தெரியும், ஒரு நாட்டுக்குள் நுழைய முடியுமா முடியாதா என்கிற வரைக்கும் அது போகிறது.

ஓஜியைச் சொன்னேன், அவர்களை விட்டுவிட்டு அணி பற்றிப் பேச முடியாது. ஓஜி என்பது வீரர்களே ஆரம்பித்த அணி. 2015-ல் நோடெயில் என்ற டென்மார்க்காரரும் ஃப்ளை என்ற இஸ்ரேல்காரரும் சேர்ந்து தொடங்கினார்கள், நெருங்கிய நண்பர்கள். 2018 இன்டர்நேஷனலுக்குச் சில மாதம் முன்பு ஃப்ளை இன்னொரு வீரரையும் கூட்டிக்கொண்டு ஈவில் ஜீனியசஸுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் மூன்று பேர் கூட இல்லை. பயிற்சியாளராக இருந்த செப் என்ற பிரான்ஸ்காரரை ஆட்டக்காரராக இறக்கினார்கள், ஓய்வில் இருந்த அனாவை ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டார்கள், டாப்சன் என்று ஃபின்லாந்திலிருந்து ஒரு பையனைச் சேர்த்தார்கள், அவர் அவ்வளவு பெரிய மேடையைப் பார்த்ததே இல்லை. அணி மாறியதால் நேரடி அழைப்புக்கான வாய்ப்பும் போனது, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்கிற திறந்த தகுதிச் சுற்றில் முதல் படியிலிருந்து ஏறி வான்கூவருக்கு வந்தார்கள்.

அங்கே ஃப்ளையின் அணியே எதிரில் வந்தது. 2-1 என்று ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஆமேவின் எல்ஜிடி, மூன்றாவது கேம் முடிந்தபோது 1-2 என்று பின்தங்கி, நான்காவதிலும் தோற்கப் போகிற நிலையிலிருந்து திருப்பி, ஐந்தாவதில் முடித்தார்கள். அடுத்த வருஷம் ஷாங்காயில் அதே ஐந்து பேர் மறுபடி ஜெயித்தார்கள், இன்டர்நேஷனலை இரண்டாவது முறை ஜெயித்த முதல் அணி. நோடெயில் ஆடியது ஐந்தாவது இடம். அதாவது ஆட்டத்தில் கிடைக்கிற தங்கத்தையெல்லாம் மற்ற நால்வருக்கு விட்டுக்கொடுத்து, எதிரி எங்கே வருகிறான் என்று பார்க்க வரைபடத்தில் காவல் வைத்து, தேவைப்பட்டால் தான் செத்து அடுத்தவரைக் காப்பாற்றுகிற இடம். புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் அவர் படவே மாட்டார். பரிசுப் பணத்தில் உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த இ-ஸ்போர்ட்ஸ் வீரர் என்ற இடம் பல வருஷம் அவருக்குத்தான் இருந்தது, எழுபது லட்சம் டாலருக்கு மேல். அந்தத் தொகையை மட்டும் அச்சடித்தால் அவர் என்ன செய்து அதைச் சம்பாதித்தார் என்பது எப்படித் தெரியும்?

இப்போது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பக்கம் வாருங்கள், டோட்டா மாதிரியே ஐந்து ஐந்து பேராக ஆடுகிற இன்னொரு விளையாட்டு. அதன் உலகப் போட்டியில் பரிசு ரொம்பக் குறைவாகவே இருந்தது, 2022-ல் மொத்தம் 22 லட்சம் டாலர் சொச்சம், முந்தைய வருஷத்து டோட்டாவின் 4 கோடிக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் பார்க்கிற கூட்டம் டோட்டாவை விட அதிகம். அங்கே வீரர்கள் சம்பளத்தில் வாழ்கிறார்கள், வருஷம் முழுக்க லீக் நடக்கிறது, பரிசு அதன் மேல் ஒரு சேர்க்கைதான்.

2022 இறுதி ஆட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவில், கொரியாவின் டி1 அணியும் டிஆர்எக்ஸ் அணியும். டி1-ல் ஃபேக்கர் என்ற லீ சாங்-ஹியோக், 2013-லிருந்து அதே அணியில் ஆடுகிறவர். டிஆர்எக்ஸில் டெஃப்ட், ஃபேக்கரோடு ஒரே பள்ளியில் படித்தவர், அவ்வளவு வருஷம் ஆடியும் உலகக் கோப்பை கிடைக்காதவர். டிஆர்எக்ஸ் முதல்நிலைத் தகுதிச் சுற்றிலிருந்து வந்த அணி, அங்கிருந்து வந்து அதுவரை யாரும் சாம்பியன் ஆனதில்லை. 3-2 என்று டிஆர்எக்ஸ் ஜெயித்தது. டெஃப்ட் அழுதார், நாங்களும் அழுதோம், அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அந்த லீக்கில் ஒப்பந்தங்கள் நவம்பரில் முடியும். கோப்பையைத் தூக்கிய சில வாரத்துக்குள் டிஆர்எக்ஸின் ஐந்து பேரில் நான்கு பேர் வெளியே. அடுத்த வருஷம் உலகப் போட்டிக்கே அந்த அணி வரவில்லை. தோற்ற டி1 என்ன செய்தது? அதே ஐந்து பேரையும் வைத்துக்கொண்டது. 2023-ல் சியோலில் சாம்பியன், 2024-ல் லண்டனில் மறுபடி சாம்பியன், அதே ஐவர். 2025-ல் ஒருவர் மட்டும் மாறி, செங்டுவில் கேடி ரோல்ஸ்டரை 3-2 என்று ஜெயித்து மூன்றாவது வருஷமாகத் தொடர்ந்து கோப்பை. ஃபேக்கருக்கு அது ஆறாவது. டி1-க்குப் பணமும் பெயரும் உண்டு, எல்லா அணிக்கும் அது முடியாது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனாலும் இறுதி ஆட்டத்தில் தோற்ற ஐந்து பையன்களைக் கலைக்காமல் வைத்துக்கொள்ள ஒரு நிர்வாகத்துக்கு மனசு வேண்டும், அது பணத்தால் மட்டும் வருவதில்லை என்பது என் கருத்து.

கொரியாவில் எல்லாம் தானாக நல்லபடி நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-ல் கிரிஃபின் என்ற அணி, கானாவி என்ற பெயரில் ஆடும், சட்டப்படி இன்னும் வயதுக்கு வராத ஒரு வீரரைச் சீன அணி ஒன்றுக்கு அனுப்பும் விஷயத்தில் நிர்ப்பந்தம் செய்து நீண்ட ஒப்பந்தத்தில் மாட்டப் பார்த்ததாக, அந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவரே வெளியே வந்து பேசினார். நாடு முழுக்கக் கொந்தளிப்பு. பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள், மக்கள் அதிபர் மாளிகைக்கு மனுப் போட்டார்கள். அடுத்த வருஷமே அரசு, இ-ஸ்போர்ட்ஸ் வீரர்களுக்கு என்று மாதிரி ஒப்பந்தப் படிவம் கொண்டுவந்தது, வயது குறைந்தவர்களுக்குத் தனிப் படிவம் உட்பட. கானாவி அந்தக் கட்டிலிருந்து விடுபட்டார், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கொரியாவுக்குத் தங்கம் வாங்கித்தந்த அணியிலும் இருந்தார். இதைப் பெரிதாக்கியதில் செய்தியாளர்களுக்கும் பங்கு உண்டு. அணிகளைத் தினம் தினம் கவனித்து எழுதுகிறவர்கள் இருந்தால்தான் ஒரு பையனுக்கு நடந்தது அமுங்கிப் போகாமல் இருக்கும்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரிலேயே இ-ஸ்போர்ட்ஸை மத்திய விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது, அதே சட்டத்தில் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து விளையாட்டாக அங்கீகரித்தது. பந்தயம் கட்டி ஆடுவது வேறு, நுழைவுக் கட்டணம் கட்டி ஒரு போட்டியில் கலந்துகொண்டு பரிசு வாங்குவது வேறு என்று சட்டமே தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் மட்டும் இரண்டையும் ஒரே மூலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரம்மியில் குடும்பம் அழிந்தவர்களின் வேதனை பெரிய வேதனை, அதைத் தொடர்ந்து எழுதுங்கள், ஆனால் அந்தச் செய்திக்குக் கீழே இந்தச் செய்தி வந்தால் ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்? அங்கீகாரம் வந்த பிறகு போட்டி நடத்துவது, பயிற்சி மையம் அமைப்பது பற்றியெல்லாம் பேசுகிறார்கள். பதினேழு வயதில் ஒரு அணியோடு கையெழுத்துப் போடுகிற பிள்ளையின் ஒப்பந்தத்தில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது, பரிசில் அணிக்கு எவ்வளவு அவனுக்கு எவ்வளவு, நடுவில் விலக நினைத்தால் என்ன வழி, இதையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

நமக்கு ரொம்ப தூரத்து விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூலை கடைசியில் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கத்தையும் சேர்த்தார்கள். கார்ல்சன் முதல் இடம், நம் அர்ஜுன் எரிகைசி நான்காவது இடம் என்று நீங்களும் விளையாட்டுப் பக்கத்தில் போட்டீர்கள், சந்தோஷம். ஆனால் கார்ல்சன் ஆடியது டீம் லிக்விட் அணிக்காக, டோட்டாவில் 2017-லும் 2024-லும் உலகச் சாம்பியனான அதே லிக்விட். இறுதியில் அவரிடம் தோற்ற ஃபிரூஜா ஆடியது ஹாம்பர்க்கில் ஜெயித்த அதே ஃபால்கன்ஸுக்காக. அர்ஜுன் ஆடியது கொரியாவின் ஜென்ஜிக்கு. மதுரைக்காரரான அரவிந்த் சிதம்பரத்தை இந்தியாவின் எஸ்8யூஎல் அணி ஒப்பந்தம் செய்தது. அணியின் பெயரே உங்கள் செய்தியில் இல்லை. சதுரங்க வீரர்களுக்கு இப்படி ஒரு அணி, ஒரு ஒப்பந்தம் என்பது புதிது, நம் வீட்டுப் பிள்ளைகளே அதில் கையெழுத்துப் போடத் தொடங்கிவிட்டார்கள். அந்த ரியாத் போட்டியின் பின்னால் சவுதி அரசின் முதலீட்டு நிதி இருக்கிறது, பல அணிகள் அந்தப் பணத்தை நம்பித்தான் இப்போது ஓடுகின்றன. ஒரே கையிலிருந்து வருகிற பணம் எத்தனை வருஷம் வரும் என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது, டோட்டாவில் 4 கோடி டாலர் முப்பது லட்சத்துச் சொச்சமாக இறங்கியதை இரண்டே வருஷத்தில் பார்த்தோம்.

இன்னும் ஒன்று. 2023, 2024 இரண்டு வருஷமும் இன்டர்நேஷனலில் இரண்டாம் இடம் பிடித்தது கெய்மின் கிளாடியேட்டர்ஸ். 2025-க்கும் அழைப்பு இருந்தது. போட்டிக்கு முன்பு நிர்வாகத்துக்கும் வீரர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்து, அணி போட்டியிலிருந்தே விலகிவிட்டது. இரண்டு இறுதி ஆட்டம் ஆடியவர்கள் மூன்றாவது வருஷம் வாசலில் நின்றுவிட்டார்கள். விங்ஸுக்கு நடந்து எட்டு வருஷம் கழித்தும் இதே கதை. விளையாட்டின் உச்சத்தில் இருப்பவர்களுக்கே இந்த நிலைமை என்றால், இப்போது நம் ஊரில் ஃபோனை வைத்துக்கொண்டு அணி சேர்ந்து ஆடுகிற பையன்களுக்கு யார் பேசப் போகிறார்கள்?

உடம்பு விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சீனாவின் ஊஸி, லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அவர் இடத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்லப்பட்டவர், 2013, 2014 இரண்டு உலகப் போட்டி இறுதியிலும் தோற்றவர், 2020-ல் 23 வயதில் ஓய்வு அறிவித்தார். சர்க்கரை நோய், கையில் தீராத வலி. உட்கார்ந்த இடத்தில் விரலை அசைக்கிறார்கள் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து ஆடினார், ஆனாலும் பழைய கை திரும்பவில்லை. அணிகளில் மருத்துவர் இருக்கிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதெல்லாம் செய்தியாளர் போய்க் கேட்டால்தான் வெளியே வரும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தச் செய்தியை விளையாட்டுப் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, இறுதி ஆட்டத்தின் ஸ்கோர், இரண்டு அணியின் ஐந்து ஐந்து பெயர்கள், பயிற்சியாளர் பெயர், இவ்வளவு போட்டால் போதும், பரிசுத் தொகை கடைசி வரியில் வரட்டும். அணி கலைந்தால் அதையும் போடுங்கள், ஏன் கலைந்தது என்று விசாரித்துப் போடுங்கள். உங்கள் செய்தியாளர்களில் இளைஞர் யாராவது நிச்சயம் இதைப் பார்க்கிறவராக இருப்பார், அவரிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்.

அடுத்த இன்டர்நேஷனல் 2026 ஆகஸ்டில் ஷாங்காயில் என்று அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்தால் ஆட்டம் முடிவதற்குள் நமக்கு விடிந்துவிடும், மறுநாள் பேப்பரில் வர வழியில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஷாங்காய் நமக்கு இரண்டரை மணி நேரம்தான் முன்னால் இருக்கிறது. இறுதி ஆட்டம் ஐந்து கேம் போனாலும் நீங்கள் அச்சுக்கு அனுப்புவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திருச்சி.